வடிகட்டி இறுகிய அந்தப் பிற்பகல்: பிலோமினா அக்கா நினைவாக

ஸ்காபரோவுக்குப் பக்கத்தில், மில்லிக்கனில் ஒரு வீட்டு வரவேற்பறையின் தரைவிரிப்பான காப்பெற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா என் தோளைத் தொட்டார். மெசின் சத்தத்தில் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. போன் வந்திருக்கிறது என்றார். மறுமுனையில் பிலோமினா அக்காவின் மகன் அன்ரன். சின்ன வயதில் இங்கே வந்த பிள்ளை. இப்படியான செய்திக்கு நாங்கள் வைத்திருக்கும் மெதுவான சொற்கள் அவனிடம் இல்லை. "அன்ரி, அம்மா செத்துப்போனா. விடிய," என்றான். "வாறன் ராசா," என்றேன். ஆனாலும் உடனே வெளிக்கிட முடியவில்லை. சவர்க்காரத் தண்ணீரைக் காப்பெற்றில் ஊறவிட்டுப் போக ஏலாது. மிச்சத்தையும் உறிஞ்சி எடுத்து, குழாயைச் சுருட்டி, மெசினை வான் வண்டியில் ஏற்றி, சாவியைத் திருப்பியபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களில் அநேகர் அவரை தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் பின்வரிசையில் கண்டிருப்பீர்கள். மன்னார்ப் பக்கத்தவர். கணவரை அங்கேயே பறிகொடுத்துவிட்டு மகனோடு வந்தவர். முகம் கொடுத்துப் பேசத் தெரியாதவர் என்று சிலர் குறைப்பட்டதுண்டு. அது பொய்யில்லை. ஒரு கந்தோரில், அலுவலக அறைகளில், துப்புரவு வேலை செய்யும்போதுதான் நாங்கள் பழக்கமானோம். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், அவரும் அன்றைக்கு மரக்கறிச் சோறே கட்டிவரத் தொடங்கினார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "ஒரே மேசையில இருந்து சாப்பிடுறம். மணக்குமெல்லே," என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு பழைய மெசினை வாங்கி இரண்டு பேருமாக வீடு வீடாகக் காப்பெற் கழுவப் போனோம்.

அந்த மெசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு தொட்டியிலிருந்து சுடுதண்ணீரைக் காப்பெற்றுக்குள் பீச்சும். அழுக்குத் தண்ணீரை மற்றத் தொட்டிக்குள் உறிஞ்சும். அழுக்குத் தொட்டிக்குள்ளே, மோட்டருக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயில், திருகிப் பூட்டும் ஒரு பிளாஸ்ரிக் வடிகட்டி இருக்கும். நூலும் முடியும் மோட்டருக்குள் போகாமல் தடுப்பது அதுதான். அது அடைத்துக்கொண்டால் உறிஞ்சல் செத்துவிடும். சவர்க்காரம் காய்ந்து அதன் திருகுப் புரிக்குள் இறுகினால் கழற்றுவது பெரும்பாடு.

ஒரு மாசி மாதம் தேவன் என்பவர் எங்களைக் கூப்பிட்டார். ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடி வீடு. அவருடைய மச்சான் குகன் அங்கே தனியாக இருந்தவர். வேலைக்கு வரவில்லையே என்று தேடிப் போனபோது செத்துக் கிடந்தாராம். மாரடைப்பு. விழும்போது தலை ஹீற்றர் விளிம்பில் அடிபட்டிருக்கிறது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக உயிர் மிச்சமிருக்கவில்லை. குகனின் மனைவி சாந்தியும் பிள்ளைகளும் அப்போது கொழும்பில் ரிக்கற்றோடு நின்றார்கள். சொன்னால் வெளிக்கிடமாட்டா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

"எயாப்போட்டால வாற வழியில சொல்லப்போறம். ஆசுப்பத்திரியில, எல்லாரும் பக்கத்தில நிக்க, நித்திரையில போனவர் எண்டு," என்றார் தேவன். "நாங்கள் வாறதுக்குள்ள நீங்கள் முடிச்சிட்டுப் போயிடுங்கோ."

முன்னறையில், கட்டில் அறை வாசலுக்கும் சன்னலுக்கும் இடையில் அந்த இரத்தக் கறை கிடந்தது. அக்கா என்னை மிச்ச இடத்தைக் கழுவச் சொல்லிவிட்டு அந்தக் கறைக்கு மட்டும் தானே முழங்காலில் இருந்தார். சன்னலைத் திறந்துவைத்தோம், குளிர் உள்ளே வந்தது. பாதி வேலையில் மோட்டரின் சத்தம் கீச்சென்று மாறியது. தண்ணீர் காப்பெற்றிலேயே நின்றது.

நான் குறட்டை எடுத்தேன். "உதைக் கீழ வை," என்றார் அக்கா. "பிளாஸ்ரிக். வெடிச்சா இண்டைக்கு வேற இல்லை." பிளக்கைக் கழற்றி, அழுக்குத் தண்ணீரைக் கக்கூசுக்குள் ஊற்றி வெறுமையாக்கினோம். குகனின் குசினியிலிருந்த வினாகிரியைச் சுடுதண்ணீரில் கலந்து, துணியை நனைத்து, வடிகட்டியின் கழுத்தைச் சுற்றி வைத்தார். காத்திருந்தோம். றப்பர் கையுறையோடு இரண்டு கையாலும் பிடித்து ஒரே சீராகத் திருகினார். அசையவில்லை. மறுபடி சுடுதண்ணீர். மறுபடி காத்திருத்தல். நான் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு காரும் அவர்களுடையது போலிருந்தது. "முடியாட்டி இப்பிடியே விட்டிட்டுப் போவமக்கா," என்றேன். அவர் துணியை மறுபடி சுடுதண்ணீரில் தோய்த்தார்.

கடைசியில் அது முனகிக்கொண்டு கழன்றது. வலையைச் சுற்றிக் காப்பெற் நூலும், அதற்குள்ளே கட்டையான கறுப்பு முடிகளும் சேறுபோல ஒட்டிக்கிடந்தன. நான் குப்பைவாளியை நீட்டினேன். "இந்த வீட்டு வாளிக்குள்ள போடாதே," என்று சொல்லி, ஒரு பேப்பரில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். பழைய பல் பிறசால் வலையையும் புரியையும் உரஞ்சினார். றப்பர் வளையத்தை ஈரமாக்கி இருத்தினார். முதலில் பின்பக்கமாகத் திருப்பி, புரி புரிக்குள் விழுந்த சத்தம் கேட்டபிறகே முன்பக்கம் திருகினார். கையால் போதுமான அளவுக்கு மேல் இறுக்கவில்லை. மோட்டர் பழைய குரலில் பேசியது. கறையின் கடைசித் தண்ணீரை அவர் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் கதவு திறந்தது.

சாந்தி அழுது முடித்த முகத்தோடு நின்றார். பிள்ளைகள் இரண்டும் பெரிய ஜாக்கெற்றுகளுக்குள் வாசலிலேயே நின்றார்கள். அவர் ஈரத்தைப் பார்த்தார். மாசிக் குளிரில் திறந்திருந்த சன்னலைப் பார்த்தார்.

"இப்ப ஏன் கழுவுறியள்?"

"புதுசா வாறியள் எண்டுதான் துப்புரவாக்கச் சொன்னனான்," என்றார் தேவன்.

சாந்தி அவரைப் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்த அக்காவைப் பார்த்தார். "அக்கா, இவர் இங்கையோ செத்தவர்?"

அக்கா மெசினை நிற்பாட்டினார். தேவன் கண்ணால் கெஞ்சினார். நானும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"ஓம் பிள்ளை," என்றார் அக்கா. "இதிலதான்."

"தனியவோ?"

"தனியத்தான்."

தேவன் கத்தினார். உங்களை ஆர் கேட்டது, மனிசரோ நீங்கள் என்றார். சாந்தி அந்த ஈரத்தில் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "வெளியில போங்கோ," என்றார். நாங்கள் போனோம். வான் வண்டியில் வரும்போது எனக்கும் அக்காவில் கோபம். "ஒரு பொய்யில என்ன வந்தது?" என்று கேட்டேன். "அவ கேட்டவ," என்றார். அதன்பின் தேவனின் ஆட்கள் எங்களைக் கூப்பிடவில்லை. மற்றவர்களிடமும் எங்களைக் கூப்பிடவேண்டாம் என்றார்கள்.

பனி கரைந்தபிறகு சாந்தியிடமிருந்து போன் வந்தது. அப்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். சாந்தி கேட்டது எனக்கும் கேட்டது. "அக்கா, எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தவர்? சன்னல் பக்கமோ?" சன்னல் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா, "எனக்குத் தெரியாது பிள்ளை. நான் அவரைக் காணேல்லை. காப்பெற்றைத்தான் கண்டனான்," என்றார். மறுமுனையில் அழுகை. அக்கா போனை வைக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகுமட்டும் இருவரும் அப்படியே இருந்தார்கள். அதற்குப் பிறகு சாந்தி அடிக்கடி போன் எடுப்பார். பள்ளிக்கூடம், பஸ், பிள்ளைகளின் சப்பாத்து என்றுதான் பேச்சு. மற்றவர்களிடம் எதைக் கேட்டாலும் நம்பலாமோ என்று யோசிக்கவேண்டியிருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அக்காவின் நோய் வயிற்றில் தொடங்கி எங்கும் பரவியது. கடைசி மாதங்களில் அவர் மிகவும் மெலிந்து, மிகவும் எரிச்சல்பட்டு, வந்தவர்களை ஏசினார். அமைதியான சாவு என்று நான் எழுதினால் அது பொய்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கார்களுக்குத் திரும்பும்போது அன்ரன் என் பக்கத்தில் வந்தான். கடைசி இரவு அவன் வேலையில் நின்றவன். முன்னிரவில் நான்தான் கட்டிலடியில் இருந்துவிட்டு வந்தேன். "அன்ரி, அம்மா என்னைக் கேட்டவவோ?" என்றான்.

கேட்டவ என்று சொல்ல வாய் வந்தது. எத்தனையோ பேர் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்; அதில் பாவமும் இல்லை. ஆனால் பிலோமினா அக்காவோடு வேலை செய்த வருடங்களில் நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டென்றால், துக்கத்தோடு கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லிவிட்டு, அவரை விட்டு விலகாமல் நிற்பது.

"இல்லை ராசா," என்றேன். "நித்திரையில இருந்தவ. ஒண்டும் கேக்கேல்லை. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

அவன் கார்ப் பக்கம் போகாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன்.

"கை குளிர்ந்து போயிருந்ததோ?"

"இல்லை," என்றேன். "சூடாத்தான் இருந்தது."