சந்தேக மேஸ்திரி

டைல்ஸ் போடும் அவரைச் சக வேலைக்காரர்கள் 'சந்தேக மேஸ்திரி' என்பார்கள். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையே திருப்பி வைத்து இன்னொரு முறை பார்ப்பவர் அவர். மைத்துனனோடு சேர்ந்து ஒரு கூடத்தின் தரையைச் சிமெண்டுக் கலவை பரப்பிச் சமன் செய்திருந்தார். காய்ந்ததும் கட்டையால் தட்டிக்கொண்டே போனார். ஜன்னலோரம் மட்டும் அடியில் காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தது.

"ஏன்டா மாப்ள, தரையக் கூட்டாமலே கலவையைக் கொட்டிட்டியா?"

"நான் வாசப்பக்கம்தான் மாமா போட்டேன். ஜன்னலோரம் நீங்க போட்டது. வேலைய விட்டுட்டு என் கையையேல்ல பாத்துக்கிட்டு இருந்தீங்க!"

பெயர்த்துப் பார்த்தார். அடியில் தூசி அப்படியே கிடந்தது. துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார். ஆனாலும் மைத்துனன் புதுக் கலவையில் தண்ணீர் ஊற்றும்போது, ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.