எண்ணூர் பங்களாவில் சொன்ன வேண்டுதல்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி வந்த கோடையில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில் ரயில் ஏறினோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான். பாவாவுக்கு பஸ் ஓட்டுகிற வேலை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்றுபோய்விட, சும்மா உட்கார்ந்திருந்தார். பாவா என்றால் என் அத்தை மகன், அப்புறம் என் வீட்டுக்காரர். சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்ட வாய் தாலி ஏறின பிறகும் மாறவில்லை. ‘நீ, வா, போ’வும் மாறவில்லை. அத்தை தலையில் அடித்துக்கொள்வாள்.

பட்டணத்திலிருந்து ஓடி வந்தவர்களில் ஒரு ஜவுளி வியாபாரியின் குடும்பம் திருத்தணியில் எங்கள் வீட்டின் முன்பாதியில் குடியேறியிருந்தது. அந்த வீட்டு அம்மாள்தான் பேச்சை எடுத்தாள். “எண்ணூர்ல கடலோரமா எங்க பங்களா பூட்டிக் கெடக்கு. தோட்டக்காரனும் ஓடிட்டான். ஆள் நடமாட்டம் இல்லேன்னா கதவைக்கூடப் பேத்துக்கிட்டுப் போயிடுவாங்க. சின்னஞ்சிறுசுங்க, ஒரு மாசம் போய் இருந்துட்டு வாங்களேன்.”

“குண்டு விழற எடத்துக்கா என் புள்ளையை அனுப்பறீங்க?” என்று அத்தை பொரிந்தாள். பாவா அதற்குள் தலையாட்டிவிட்டார். எனக்குக் கடல் பார்க்க வேண்டும். குண்டாவது கிண்டாவது!

அரக்கோணம் தாண்டியதும் எதிரே வந்த ஒவ்வொரு ரயிலிலும் ஜனம் தொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் பெட்டியில் நாங்களும் ஒரு வெற்றிலைக்காரியும்தான். டிக்கெட் பார்க்க வந்தவர், “ஊரே இந்தப் பக்கம் வந்துகினு கீது, நீங்க எங்கம்மா போறீங்க?” என்றார். “எங்க பங்களாவுக்குங்க” என்று நான் சொன்னதும் பாவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்த வீட்டை எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பாறு, நடுவே சவுக்குத் தோப்பு, தோப்புக்குள் வெள்ளை வெளேரென்று வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு குடிசைகூடக் கிடையாது. தரை முழுக்கச் சலவைக்கல். ஆள் உயரக் கண்ணாடி இரண்டு. அதில் என்னைக் கால் முதல் தலை வரை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு குள்ளமா நான் என்று கோபம்கூட வந்தது. ஸ்பிரிங் கட்டிலில் படுத்தால் தொட்டிலில் போட்டு ஆட்டுவதுபோல் வயிற்றைப் புரட்டியது. பாயை விரித்துத் தரையில் படுத்தோம். குளிக்கிற அறையில் நீளமாக ஒரு பீங்கான் தொட்டி இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் தண்ணீர் வண்டிக்காரர் கொண்டுவரும் நல்ல தண்ணீரை அதில்தான் நிரப்பி மூடி வைத்துக் குடித்தோம். அது குளிக்கிற தொட்டி என்று திருத்தணிக்குத் திரும்பிய பிறகு அந்த அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் முகம் போன போக்கு இருக்கிறதே!

சமையலறையில் மீன் கூடாது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். அதனால் சவுக்கு மரத்தடியில் மூன்று கல் வைத்து, பாவா உப்பாற்றில் வலைக்காரர்களிடம் வாங்கி வரும் மடவை மீனைக் குழம்பு வைப்பேன். வேலை இல்லை, அத்தை இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அலையில் நின்றால் காலடியில் மணல் நழுவும். நான் கத்துவேன், பாவா கையைப் பிடித்துக்கொள்வார். ஊரில் பகலில் புருஷன் கையைப் பிடித்துவிட்டால் தெரு சிரிக்கும். என் ஆயுசில் அந்த நாட்களைப் போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இன்றைக்கும் சவுக்குக் கட்டை எரிகிற வாசனை வந்தால் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன்.

கடற்கரையில் பட்டாளத்துக் காவல் போட்டிருந்தார்கள். ஆற்காட்டுப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் தண்ணீர் குடிக்க வந்து வராந்தாப் படியில் உட்காருவார். பாவா பஸ் ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் அவர் வருகை அதிகமானது. “லாரி ஓட்ட ஆள் இல்லாம தவிக்கிறோம். ஆம்பளையா பொறந்துட்டு பஸ் ஸ்டாண்டுல குந்திகினு என்னாத்த பண்ணப்போற?” என்று அவர் கேட்பதை நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பஸ் ஷெட்டிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். பாவாவுக்கு அது உறுத்தல்.

ஒரு நாள் காலை பாவா வராந்தாவில் நின்று கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

“திங்கக்கெழம போய் பட்டாளத்துல பேரு எழுதிக்கப் போறேன். வார்த்தை குடுத்துட்டேன்.”

“எங்க அனுப்புவாங்க?”

“பர்மாப் பக்கம்னு பேசிக்கிறாங்க.”

அழுதால் கேட்கமாட்டார், சண்டை போட்டால் பிடிவாதம் ஏறும். அவரை ஐந்து வயதிலிருந்து தெரியுமே எனக்கு. பாவா பயப்படுவது ஒரே ஒருவருக்குத்தான், மலைமேல் இருக்கிறவனுக்கு.

“அது முடியாது பாவா. உன் தலைக்கு வேண்டிகினு கீறேன்” என்று வாயில் வந்துவிட்டது.

“என்னாது?”

“ரயில்ல வரும்போது மலை மறைஞ்சுது பாரு, அப்ப. நல்லபடியா ஊர் திரும்பினா ஆடிக்கிருத்திகைக்குப் பாவா முடி குடுப்பாருன்னு. அதுவரைக்கும் தலையில, தாடியில கத்தி படக்கூடாது. பட்டாளத்துல மொதல் நாளே ஒட்ட வெட்டிடுவாங்களாமே?”

பச்சைப் பொய். மலை மறைந்தபோது நான் வெற்றிலைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தேன். பாவா “என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார்.

ஹவில்தார் கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். “தணிகைக்காரனுக்கு நேந்த முடியா? அதுல நான் கை வெக்க மாட்டேன்யா. எறக்கிட்டு வா, அப்பறம் பாக்கலாம்.” எனக்கு அந்த மனுஷன் காலில் விழலாம்போல் இருந்தது.

பொய்க்கும் செலவு உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் மீன் தின்னலாமா? மூன்று கல் அடுப்பு ஆறிப்போனது. இரண்டு பேரும் மீதி நாட்களை ரசத்திலும் அப்பளத்திலும் ஓட்டினோம். வலைக்காரர்கள் மடவை கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

தாடியும் பரட்டையுமாக பாவா ஊர் திரும்பியதைப் பார்த்து அத்தை ஒப்பாரி வைக்காத குறை. ஆடிக்கிருத்திகைக்கு காவடிக் கூட்டத்தில் இடிபட்டுப் படியேறினோம். முடி இறக்கியபோது பக்கத்தில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். ‘முருகா, உன் பேரைச் சொல்லி ஏமாத்திட்டேன், என்னை என்ன வேணா பண்ணு, இவரை விட்டுடு’ என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கரியில் ஓடுகிற பஸ் வந்தது. பொதட்டூர்பேட்டைக்கும் திருத்தணிக்கும் பாவா அதை ஓட்டினார், முகமெல்லாம் கரியாக வீடு வருவார். பட்டாளத்துப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பஸ் ஷெட்டிலிருந்து போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் பாவா சாப்பிடவில்லை. நான் மட்டும் பொய் சொல்லாமலிருந்தால் என்று நினைக்கும்போது நிம்மதியும் வரும், கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். ஒரு ஆம்பளையின் வார்த்தையைக் கெடுத்தவள் நான் என்ற நினைப்பு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். எங்கள் பெண்ணுக்கு ஜுரம் அனலாகக் கொதித்தது. ஓடிப்போய் வெள்ளைத் துணியை மஞ்சளில் முக்கி, காலணாவை அதில் முடிந்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டுச் சாமி படத்தருகே வைத்தேன். வேண்டிக்கொண்டால் எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். காசு முடிந்து வைக்காமல் வேண்டுதலே கிடையாது.

பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாவா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவளுக்கு மறக்காம முடிஞ்சிட்ட. எனக்கு வேண்டிகினப்ப எங்க முடிஞ்ச?”

“தெரியுமா பாவா?”

“ஆங். அன்னிக்கே உன் பொட்டி, புடவைத் தலைப்பு எல்லாம் தேடிப் பாத்துட்டேன்.”

“அப்பறம் எதுக்குத் தாடி வளத்த? எதுக்கு மொட்ட போட்டுகின?”

ஈரத்துணியைப் பிழிந்து பெண்ணின் நெற்றியில் போட்டுவிட்டுத்தான் பாவா பேசினார். “வார்த்தை குடுத்துட்டு வந்து, ரெண்டு நாளா பயத்துல எனக்கு சோறு எறங்கல. ஆம்பள, எப்பிடி வாயத் தொறந்து சொல்றது? முடிச்சு கெடைச்சிடணுமேன்னு கும்பிட்டுகினேதான் உன் பொட்டியத் தேடினேன்.”