செல்விக்கு மாத்திரை மட்டும்

இன்று நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் செல்வி. எண்பதுகளில், பிள்ளை பெற்றபின் தூக்கமில்லாமல் அழுதுகொண்டே இருந்த நாங்கள் இருவரும் ஒரே மனநல டாக்டரிடம் போனோம்.

என் கணவர் மைன்ஸில் இன்ஜினியர், நான் பட்டதாரி. டாக்டர் வாரா வாரம் என்னை உட்கார வைத்துப் பேச்சு வைத்தியம் பார்த்தார். செல்வியின் கணவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளுக்கு மாத்திரை மட்டும்.

ஏன் என்று அப்போதே கேட்டேன். "படிக்காதவங்களுக்குப் பேச்சு வைத்தியம் சரிப்படாதும்மா" என்றார் டாக்டர்.

இன்று செல்வி கேட்டாள்: "ரூமுக்குள்ள அவ்ளோ நேரம் அவரு இன்னாக்கா சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டார். நான்தான் பேசுவேன், அவர் கேட்டுக்கிட்டிருப்பார்."

"அவ்ளோதானா? எனக்கும் சொல்றதுக்கு இருந்துச்சிக்கா. மாத்திர போட்டுக்கினு தூங்கியே கெடந்தேன். புள்ளைய மாமியார்தான் வளத்தாங்க. அவங்க சாவற வரைக்கும் அவங்களத்தான் அம்மான்னு கூப்ட்டான்."

"இப்ப சொல்லு செல்வி, நான் கேக்கறேன்."

"காடாம்புலியூர் வந்துடுச்சிக்கா" என்று எழுந்து இறங்கிவிட்டாள்.

போன் நம்பர்கூட வாங்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் அவள் வீட்டைச் சொல்லுங்கள். நான் ரிட்டயர்டு, கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.