மகள் திறந்துவிட்டுப் போன டேப்கள்

ஒருவர் பயணம் போன கையோடு வீடு கூட்டக்கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. மகள் மெல்பேர்ணுக்கு விமானம் ஏறிய அன்று நான் மட்டும் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, ஹோல் முழுக்கக் குப்பை. வெட்டி எறிந்த கயிறு, பொலித்தீன் பைகள், பெட்டி நிறை கூடிவிட்டதென்று கடைசி நேரத்தில் வெளியே எடுத்துப் போட்ட மிளகாய்த்தூள். தும்புத்தடியை நான் தொடவில்லை. சுகமாக வந்து இறங்கிவிட்டேன் என்று அவள் செய்தி அனுப்பிய பிறகுதான் கூட்டினேன். ஆனால் மேசையில் கிடந்த அவளுடைய பழைய லப்டொப்பில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை.

அந்த லப்டொப்பை எனக்கென்று விட்டுப் போயிருந்தாள். திறந்தால் பிரவுசரில் அவள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்கள் அப்படியே மேலே வரிசையாக நின்றன. வாடகை அறைகள் ஒரு டேப்பில், மெல்பேர்ண் காலநிலை இன்னொன்றில், பிறகு குளிர்ச்சட்டைகள். ஒன்றில் மட்டும் பாதியில் நிறுத்திய சமையல் வீடியோ, சொதி வைப்பது எப்படி என்று. இங்கே இருந்தவரைக்கும் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேனா? கேட்டால் நான் அழுவேன் என்று நினைத்திருப்பாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள்.

அவற்றில் ஒன்றையும் நான் மூடவில்லை. கோயில் நேரடி ஒளிபரப்பு, கரண்ட் பில், நான் பார்க்கும் தொடர் நாடகம் என்று என்னுடையதையெல்லாம் வாடகைக்கு வந்தவள் மாதிரிக் கடைசியில் ஒதுக்கித் திறந்துகொண்டேன். காலையில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்ததும் முதலில் அவளுடைய காலநிலைப் பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே மழையென்றால் இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

இப்படியே போய்க்கொண்டிருந்த பிரவுசர் ஒரு நாள் விழத் தொடங்கியது. திறந்தால் திரை வெள்ளையாகும், ஒரு கணம் யோசிக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால், பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். ஓம் என்று அழுத்துவேன். எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், மூச்சு விடுவதற்குள் மறுபடி விழும். பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கொம்பியூட்டர் என்றால் பயப்படுகிற ஆள் இல்லை. நிறுத்தித் திரும்பப் போட்டேன். புதுப்பித்தேன். வைரஸ் பார்த்தேன். எப்போதோ தானாக வந்து ஒட்டிக்கொண்ட விளம்பரச் சாமான்களையெல்லாம் கழற்றி எறிந்தேன். இவ்வளவுக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தேன், மூடினேன், திறந்தேன். கடைசியில் மீட்கவா என்ற கேள்வியே வரவில்லை. ஒரே ஒரு வெறும் பக்கம் வந்து நின்றது. அவளுடைய பக்கங்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

கடைகள் நிறைந்த காலி வீதியில் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் புதுசு மாதிரி ஓடும் என்றார். அழிக்க வேண்டாம் என்றேன். அப்படி என்ன முக்கியமான வேலை இருந்தது என்று கேட்டார். சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? குளிர்ச்சட்டையும் சொதியும். லப்டொப்பை வாங்கிக் கைக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவர் மேல் வந்த கோபம் ஃபிளாட் படியேறும்வரை ஆறவில்லை.

மகளிடம் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டிருந்தேன். இனி வழியில்லை என்று ஒரு பின்னேரம் போனில் சொன்னேன். அங்கிருந்தே என் திரையை இயக்கும் ஏதோ ஒன்றை டவுன்லோட் செய்யச் சொன்னாள். திரையில் வந்த இலக்கத்தை அவளுக்கு வாசித்துச் சொன்னேன். பிறகு கையை எடுங்கோ அம்மா என்றாள். எடுத்தேன். திரையில் அம்பு தானாக நகர்ந்தது.

அதை எப்படிச் சொல்வது? யோசிக்கும்போது அம்பை வட்டம் வட்டமாகச் சுற்றுவது அவளுடைய பழக்கம். பக்கத்தில் இருந்து படித்த காலத்தில் தலை சுற்றுகிறது நிப்பாட்டு என்று ஏசியிருக்கிறேன். இப்போது அதே வட்டம், என் மேசையில், என் கண் முன்னால். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றே எனக்கு இருந்தது. போனில் அவள் சொன்னது பாதி காதில் ஏறவில்லை. நான் திறந்து திறந்து மூடியதில்தான் பழையது போய்விட்டதாம், கடைசியாக இருந்ததை மட்டும்தான் அது ஞாபகம் வைக்குமாம். பிறகு பார்த்தவற்றின் பட்டியலுக்குள் போய் ஒவ்வொன்றாகத் தேடித் திறந்தாள். திறக்கத் திறக்க அம்பு மெதுவாகியது.

"இதெல்லாம் என்ர. ஏன் அம்மா மூடேல்லை? இவ்வளவையும் இந்தப் பழசு எப்பிடித் தாங்கும்?"

"நீ போகேக்குள்ள திறந்து கிடந்தது. ஆள் பயணம் போனா கூட்டக்கூடாது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் எப்பவோ வந்து சேர்ந்திட்டன் அம்மா."

அவள் சொன்னது மெல்பேர்ண் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை. பயணம் முடிவது இந்தக் கதவடியில் என்று நான் மட்டும் இவ்வளவு காலமும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூடட்டோ என்று கேட்டாள். அம்பு முதலாவது டேப்பின் மூலையில் போய் நின்றது. அழுத்தவில்லை, காத்திருந்தாள். மூடு பிள்ளை என்றேன். அறைகள் போயின, குளிர்ச்சட்டை போனது, காலநிலை போனது. சொதியில் கொஞ்ச நேரம் நின்றாள். தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது என்று சொன்னேன். தெரியும் அம்மா, பழகிட்டன் என்றாள். அதையும் மூடினாள்.

அன்றிலிருந்து பிரவுசர் ஒரு முறைகூட விழவில்லை. தட்டின உடனே திறக்கிறது, வேகமாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கும்போது, லப்டொப் எப்படி, ஏதும் கரைச்சல் தருகிறதா, திரைக்குள் வந்து பார்க்கட்டோ என்று கேட்கிறாள். ஒரு கரைச்சலும் இல்லை, நல்லாய் வேலை செய்யுது என்கிறேன். அது உண்மையாக இருப்பதுதான் எனக்குக் கவலை.