பி.டி. பீரியடுக்கு ஒரு மனு

நான் ஏழாம் வகுப்பு படித்த பள்ளியில் விளையாட்டே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை ஏழாவது கட்டத்தில் 'பி.டி.' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நேரத்துக்குக் கணக்கு டீச்சர் உள்ளே வந்து, "பி.டி. சார் லீவு, நோட்ட எடுங்க" என்பார். லீவில் இருக்கும் பி.டி. சார் ஜன்னலுக்கு வெளியே விசில் ஊதிப் பள்ளி வேன்களை ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருப்பார். மைதானம் என்று ஒன்று இருந்தது, அதில் வேன்கள் நின்றன. காலையில் கேட்டில் நின்று டை கட்டாதவர்களைப் பிடிப்பதும், மாலையில் வேன்களை வரிசையாக அனுப்புவதும்தான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. பாவம், அவரும் ஒரு காலத்தில் எதையாவது ஆடியிருப்பார்.

எங்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஒன்றுக்காக ஏங்க வேண்டுமானால் முதலில் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே. குறை அம்மாவுக்குத்தான் வந்தது. பழங்காநத்தத்தில் எங்கள் வாடகை வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்த நான் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, பன்னெண்டு வயசுல இம்புட்டு எளப்பா? பள்ளிக்கூடத்துல ஓடவே விட மாட்டாகளா?"

வெள்ளிக்கிழமைக் கதையை அப்போதுதான் சொன்னேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் அம்மா. நூலும் ஊக்கும் வாங்குவதைத் தவிர வேறெதற்கும் அவள் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வாரம் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளை மைதானத்தில் விடுங்கள் என்று எழுந்து நின்று கேட்டாள்.

பிரின்ஸிபால் சிரித்தார். "எல்லாரும் மார்க்கு கேப்பாங்க, நீங்க வெளையாட்டு கேக்குறீங்க. பிள்ளைய டாக்டராக்கணுமா, ஓட விடணுமா?"

"ரெண்டுந்தான் சார்."

கூடமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா ஏன் இப்படி மானத்தை வாங்குகிறாள் என்று அழுகையாக வந்தது.

அதன்பிறகு அம்மா பள்ளி கேட்டில் நின்று மற்ற பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினாள். பதினொரு கையெழுத்து சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் அது கரையத் தொடங்கியது. கடைசியில் என் வகுப்புத் தோழியின் அம்மா மூன்று மாடி ஏறி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், "எம் பேர மட்டும் அடிச்சிருங்கக்கா. நாளைக்கு எம் பிள்ளைக்கு எதுலயாச்சும் கொற வச்சா யாரு போய்க் கேக்குறது?" என்றார். அம்மா அவர் கண்முன்னாலேயே பேனாவை எடுத்து அடித்துக் காட்டினாள். மற்றப் பத்துப் பெயர்களிலும் ஏற்கெனவே கோடு விழுந்திருந்ததால் இது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை.

ஆரப்பாளையத்திலிருந்து மினிபஸ் ஓட்டும் அப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. "டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்துட்டா இவள எங்க கொண்டுபோய்ச் சேக்கப் போற? அப்படி என்னத்தக் கண்ட அந்த வெளையாட்டுல?" என்று ஒருநாள் கத்தினார்.

அம்மா படித்தது அலங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில். பதில் சொல்லும்போது துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க தெருப் பிள்ளைகள வகுப்புல ஒருத்தியும் தொட மாட்டா. பெஞ்சுல நாங்க தனி. கோ-கோ ஆடயில மட்டும் முதுகுல தட்டித்தான ஆகணும்? தட்டுனாக. அதத்தான் கண்டேன்."

நான், அம்மா கோ-கோ ஆட்டத்தின் விதியைச் சொல்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை அம்மா தனியாகவே கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். வெளியே மனு எழுதித் தருபவர்களிடம் கொடுக்காமல், தன் கையாலேயே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் நின்ற வரிசையில் அரை நாள் நின்று, மனு எண் போட்ட ஒரு சீட்டோடு திரும்பினாள். "கலெக்டரே கையில வாங்குனாரு" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மேலே கொடுத்த மனு மேலேயே இருக்காது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அது கல்வி அலுவலகத்துக்கு இறங்கும். அங்கிருந்து 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு, யார்மேல் புகாரோ அவர் மேசைக்கே வந்து சேரும். அவரே விசாரித்து, அவரே பதில் எழுதுவார்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாவது பீரியடுக்குப் பி.டி. சாரே வகுப்புக்குள் வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுப் பந்து. மைதானத்தில் ஒரு வேன்கூட இல்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிரின்ஸிபால் போனோடு வந்து என் பெயரைக் கேட்டு, என்னை முன்னால் கூப்பிட்டார். நான் கூட்டத்தில் கடைசியில் நிற்கிற பிள்ளை. பந்தை என் கையில் கொடுத்து, தலைக்குமேல் தூக்கச் சொல்லி, "நல்லாச் சிரிம்மா" என்றார். சிரித்தேன். நான்கைந்து படம் எடுத்ததும் பி.டி. சார் என்னிடமிருந்து பந்தை வாங்கி உறையில் போட்டார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வகுப்புக்குத் திரும்பினோம். கரும்பலகையில் கணக்கு தயாராக இருந்தது.

வீட்டுக்கு ஓடி, "அம்மா, இன்னைக்கு எங்கள வெளையாட விட்டாங்க! நாந்தான் பந்து வச்சிருந்தேன்!" என்றேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா? எம்புட்டு நேரம்?"

"போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும்."

மெஷினிலிருந்த துணியை நேராக்கினாள். "சிரிச்சியா?"

"நல்லாச் சிரிச்சேன்மா."

மறுபடி மெஷின் ஓடத் தொடங்கியது.

பதில் தபாலில் வந்தது. மேற்படி பள்ளியில் உடற்கல்வி வகுப்பு முறையாக நடைபெற்று வருகிறது, மனுதாரரின் மகளே அதில் ஆர்வத்துடன் பங்கேற்பது கீழே இணைத்துள்ள புகைப்படத்தால் உறுதியாகிறது, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டு முறை படித்த அப்பாவுக்கே முகம் சிவந்தது. "பத்திரமா வையி. மேல எழுதணும்னா இந்த லெட்டரு வேணும். இந்தத் தடவ நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

நான் கடிதத்தைப் படிக்கவில்லை, படத்தைத்தான் பார்த்தேன். அதே தாளின் அடியில் அச்சாகியிருந்த மங்கலான பிரதிதான். ஆனால் எல்லோருக்கும் முன்னால், பந்தோடு நான்! வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும் என்பதால், அதைத் தொட்டாலே அம்மா கையில் அடிப்பாள். அன்று அவளே அதை எடுத்து என்னிடம் நீட்டி, "வெட்டிக்க" என்றாள். அம்மாவுக்கும் அந்தப் படம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கடிதத்தை மடியில் வைத்து, என் தலையைச் சுற்றி நிதானமாக வெட்டத் தொடங்கினேன்.