நான்காவது பித்தளை வளையம்

எங்கள் காரின் கியர்ப்பெட்டியைக் கெடுத்தது நான்தான் என்று மூன்று ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. என் நாட்குறிப்பில் மட்டும், ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் ஓரத்தில், வழக்கத்தைவிடச் சிறிய எழுத்தில் இருந்தது: "கியர்ப்பெட்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றியாயிற்று. கையேட்டில் எஞ்சின் ஆயில் என்று போட்டிருக்கிறது. மாற்ற வேண்டும்." அதற்கடுத்த பக்கங்களில் மழை வருகிறது, எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஒரு கல்யாணம் வருகிறது. ஆயில் மாற்றியதாக எங்கும் இல்லை. தபால் ஆபீசில் முப்பது வருடம் தேதி முத்திரையோடு வாழ்ந்தவன் நான். எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு எனக்கு உண்டு.

எங்கள் கார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கார் என் மனைவியுடையது. அவள் அப்பா இரண்டாம் கையாக வாங்கி ஓட்டி, அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உருண்டை மூக்கும் கனத்த கதவுகளுமாக, கறுப்பு நிறம். அவள் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியை. வாரத்தில் இரண்டு நாள் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதில்தான். மற்ற நாட்களில் மின்சார ரயில். நான் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவன்.

உட்கார்ந்தபடி நான் சொல்லிவந்த ஒரு விஷயம் உண்டு. சேலையூரில் கேம்ப் ரோடு திருப்பத்தில் வண்டிகள் ஊரும்போது, அவள் முழுதாக நிறுத்தாமலே முதல் கியருக்குத் தள்ளிவிடுவாள்.

"நின்னுட்டுப் போடு. ஃபர்ஸ்ட்டுக்கு வளையம் கிடையாது. பல்லு போயிடும்."

"சத்தம் வந்துச்சா?"

"வரலை. ஆனா கையேட்டுல..."

"நீங்க கையேட்டை ஓட்டுங்க. நான் காரை ஓட்டுறேன்."

வளையம் என்று நான் சொன்னது பித்தளை வளையம். கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை உரசிப் பிடித்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதுதான். அது இருந்தால் கியர் சத்தமில்லாமல் விழும். எங்கள் வண்டி வந்த ஆண்டின் கையேட்டின்படி இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு மட்டுமே வளையம் உண்டு. முதல் கியருக்கு இல்லை. கெட்டி ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனம் பித்தளையை அரித்துவிடும் என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் படித்த நாளிலிருந்து, கியர் விழும் ஒவ்வொரு முறையும் என் காது அங்கேயே இருந்தது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பெருங்களத்தூர் மேம்பாலத்து இறக்கத்தில், மூன்றாம் கியர் தானாகக் கழன்று வெளியே வந்தது. அவள் மறுபடி போட்டாள். மறுபடி கழன்றது. அடியில் மாவு அரைக்கிற மாதிரி ஓர் உறுமல். வீட்டுக்கு வந்ததும் சாவியை மேஜையில் வைத்தாள்.

"கோவளம் பக்கத்துல அந்த ரிசார்ட்காரர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு. வாசல்ல நிறுத்தி, பானெட்ல பூந்தொட்டி வைக்கணுமாம். கிறிஸ்துமஸ் மாசம் பொறக்கற வரைக்கும், அட்வென்ட் முதல் ஞாயிறு வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள ஓடலைன்னா கொடுத்துடறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. அப்பாவின் வண்டி பூந்தொட்டி தாங்கும் மேடையாகப் போகிறது, அதற்குக் காரணம் என் டைரியின் ஓரத்தில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

குற்றம் செய்தவன் செய்வதைத்தான் செய்தேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தைக்குப் போய், வண்டியின் ஆண்டைச் சொல்லி, மூன்று பித்தளை வளையங்கள் வாங்கி வந்துவிட்டேன்.

இரும்புலியூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பல்சக்கரம் வெட்டும் பிரிவில் இருந்துவிட்டுத் தனியாக வந்தவர்.

"இன்னா சார் இது. பெட்டியே தொறக்கல, அதுக்குள்ள மருந்து வாங்கினு வந்துகீறீங்க."

"வளையம்தான் போயிருக்கும்னு தோணுது."

"உள்ள இருக்கிறவன் சொல்லட்டும் சார்."

பெட்டியை இறக்க ஒரு நாள் ஆனது. மறுநாள் காலை அடியில் உள்ள திருகைக் கழற்றி, பழைய வேட்டித் துணி ஒன்றின் வழியாக ஆயிலை வாளியில் வடித்தார். வடியும்போது, "இன்னா ஆயில் சார் போட்டீங்க?" என்று கேட்டார்.

"பழசுதான்," என்றேன். ஆயில் பழசு என்பது உண்மை. கேள்வி அதுவல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

துணியை வெயிலில் விரித்தார். பித்தளை தேய்ந்திருந்தால் தங்கப்பொடி தூவினாற்போல் மின்னும் என்று முன்பே சொல்லியிருந்தார். துணியில் இருந்தது சாம்பல் நிறப் பொடி, காந்தத்தைக் காட்டினால் எழுந்து நின்றது. "இரும்பு. பித்தளை இல்ல," என்றார். நான் நம்பவில்லை. மூன்று வருடத்தில் எல்லாம் கரைந்தே போயிருக்கும் என்று நினைத்தேன். குற்றத்தைப் பழகிவிட்டால் அதை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

மூடியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது உடைந்த ஒரு ஸ்பிரிங். பால்பாயிண்ட் பேனாவுக்குள் இருப்பதைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். கியரை அதனிடத்தில் பிடித்து வைக்கும் சிறிய எஃகுக் குண்டை அழுத்திக்கொண்டிருப்பது அதன் வேலை. மூன்றாம் கியர் கழன்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. உறுமலுக்குக் காரணம் அடிச்சக்கரங்களைத் தாங்கும் கீழ்த்தண்டு: ஊசிபோல் மெல்லிய உருளைகள் ஓடும் இடத்தில் அது பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது. தண்டு புதிதாக வாங்க வேண்டும். அதற்கு இது எந்த ரகப் பெட்டி என்று தெரிய வேண்டும்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது, தொழிற்சாலையிலிருந்து அவர் கொண்டுவந்தது. எந்தச் சக்கரத்தின் பற்களையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். முதல் பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவர் எண்ணி ஒரு தாளில் எழுதி மடித்துவைப்பார். பிறகு மற்றவர். இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் கடைக்குப் போன். அன்று இரண்டாவது ஆள் நான்.

நான் எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு, பதின்மூன்று வரும்போதே விடை தெரிந்துவிட்டது. கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணை எனக்கு மனப்பாடம். பதினேழு என்று எழுதி மடித்தேன். அவர் தாளில் பதினெட்டு இருந்தது.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், எண்ணினீங்களா, படிச்சீங்களா?"

சாக்பீஸை வாங்கினேன். இந்த முறை ஒவ்வொரு பல்லையும் விரலால் தொட்டு எண்ணினேன். பதினெட்டு. எதிர்த்திசையில் எண்ணினேன். பதினெட்டுதான்.

"இது உங்க வண்டியோட வந்த பெட்டியே இல்ல சார். அதே அச்சுல பின்னாடி வந்தது. யாரோ மாத்திக்கீறாங்க. இத பாருங்க." முதல் கியரைத் திருப்பிக் காட்டினார். அதன் கழுத்தில், கறுத்த ஆயிலுக்கு அடியில், ஒரு பித்தளை வளையம். துணியால் துடைத்தார். மஞ்சளாகச் சிரித்தது. அரிப்பு இல்லை, விளிம்புகள் கூர்மையாக இருந்தன. அதோடு சேர்த்து உள்ளே நான்கு வளையங்கள். நான் வாங்கிவந்த மூன்றில் ஒன்றை வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை.

வண்டியின் பதிவுப் புத்தகத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் சேசிஸ் எண் இருக்கிறது, எஞ்சின் எண் இருக்கிறது. கியர்ப்பெட்டிக்கு அதில் இடமே இல்லை. மாமனார் வாங்குவதற்கு முன்பே யாரோ பெட்டியை மாற்றியிருக்கிறார்கள், அதை எழுத வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் எங்கும் எழுதப்படவில்லை. ஆவணம் வாயைத் திறக்காத இடத்தை நானே நிரப்பிக்கொண்டு, அந்த நிரப்பலை வைத்துப் பக்கத்து இருக்கையிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். பெட்டி மாறியதற்கான சாட்சி கேம்ப் ரோடு திருப்பத்தில் வாராவாரம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவள் ஊரும் வண்டியில் முதல் கியர் போட்டாள். சத்தம் வரவில்லை.

தண்டு வந்து சேர இரண்டு வாரம் ஆனது. பெட்டியை மூடும் சனிக்கிழமை, கல்லூரி முடிந்து ரயிலில் பெருங்களத்தூரில் இறங்கி, என் மனைவியும் பட்டறைக்கு வந்தாள். மெக்கானிக் விளக்குமாற்றுக் கட்டை ஒன்றைத் தண்டின் அளவுக்கு அறுத்து, அதைச் சுற்றி ஊசி உருளைகளை உதிராதபடி கிரீஸில் ஒட்டவைத்து, உண்மையான தண்டு உள்ளே போகப் போகக் கட்டை வெளியே வருமாறு தள்ளிக்கொண்டிருந்தார். உருளைகளை எண்ணிக் கொடுத்தது நான். இந்த முறை எண்ணினேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றார் வேலையைவிட்டுத் தலை நிமிராமல். "இதுல இன்னா ஆயில் போட்டுகினு இருந்தீங்க? சாரைக் கேட்டா பழசுன்றாரு."

"எஞ்சின் ஆயில்தான். அப்பா காலத்துலேர்ந்து," என்றாள்.

பையிலிருந்து டைரியை எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து, சிறிய எழுத்து வரியைச் சத்தமாகப் படித்தேன். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

"மூணு வருஷமாவா?" என்றாள்.

"மூணு வருஷம், நாலு மாசம்."

"அதையும் எண்ணி வச்சிருக்கீங்க."

மெக்கானிக் கட்டையைக் கீழே வைத்தார். "சார், இந்தப் பெட்டிக்கு கெட்டி ஆயில்தான் சார். இந்த வளையம் அந்த ஆயிலுக்குன்னே செஞ்சது. மெல்லிசு எஞ்சின் ஆயில் ஊத்தி ஊத்தித்தான் தண்டு தேஞ்சிருக்கு. நீங்க தப்புன்னு ஊத்தினது இத்தினி நாள் ஓட்டிக்கீது."

பக்கத்திலிருந்த டயரின் மேல் உட்கார்ந்தேன். தோளிலிருந்து எதையோ எடுத்துவிட்டாற்போலிருந்தது. ஆனால் அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது: மெல்லிய ஆயிலை அத்தனை வருடம் ஊற்றியவர் அவள் அப்பா. என் பழி இறங்கி அவர் மேல் ஏறிவிட்டதே என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவும் கையேட்டைப் பார்த்துத்தான் ஊத்தியிருப்பாரு. முதல் கியர் போடறதுக்கு முன்னாடி என்னையும் அப்படித்தான் திட்டுவாரு, நின்னுட்டுப் போடு, நின்னுட்டுப் போடுன்னு. ரெண்டு பேரும் ஒரே ரகம்."

"அக்கா அப்பவும் நிக்காமத்தான் போட்டாங்களா?" என்றார் மெக்கானிக்.

"போடும்போது விழுந்துச்சு. அப்புறம் எதுக்கு நிக்கணும்?"

அவர் கெட்டி ஆயில் டப்பாவைத் திறந்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை வண்டி கீழே இறங்கியது. அட்வென்ட் முதல் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருந்தது. பட்டறை வாசலிலேயே அவள் ரிசார்ட்காரருக்குப் போன் செய்து, பூந்தொட்டிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு ஓட்டினாள். ஜிஎஸ்டி ரோட்டில் மூன்றாம் கியர் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கியர்க் குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. உறுமல் இல்லை, அதற்குப் பதிலாக, இத்தனை நாள் கேட்காத கதவுக் கீல் ஒன்றின் கிறீச்சொலி கேட்டது.

கேம்ப் ரோடு திருப்பத்தில் வழக்கம்போல் நெரிசல். பக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்து ஊர்ந்தது. அவள் கிளட்சை மிதித்து, நிறுத்தாமல், முதல் கியருக்குத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.

"சொல்லுங்க," என்றாள் சாலையைப் பார்த்தபடி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தப் பேருந்தின் தட எண்ணைப் படித்தேன்.