அழிக்கச் சொன்ன வரி

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இருபது வயது தாண்டிய பிறகு என் கழுத்தில் 'மாணவி' என்று போட்ட அட்டையை மாட்டினார்கள். கொஞ்சம் கூச்சம், நிறைய சந்தோஷம். அம்மா அதை வாங்கித் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தாள்.

திருமழிசை எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி அது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வாரம் முழுக்க மெஷினில் இரும்புத் துண்டை மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு. கொடுக்கிற காசுக்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, உதவித்தொகை. போனஸ் இல்லை, லீவு இல்லை. வேலைக்காரர்களுக்கு உள்ள எதுவும் மாணவர்களுக்குக் கிடையாது, வேலையைத் தவிர.

நான் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற ஜென்மம். குமணன்சாவடியில் கம்பெனி வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ, கேஸை அணைத்தேனா இல்லையா, சூப்பர்வைசர் இன்றைக்கு ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஏதாவது ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பெடுக்கிற மேடம் ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். 'தனிநபர் மற்றும் தொழில் வளர்ச்சித் திட்டம்' என்று தலைப்பு. இப்போது என்ன தெரியும், இனி என்ன கற்க வேண்டும், ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள்.

பக்கத்து மெஷின்காரி ஆவடிப் பெண். வாய் சும்மா இருக்காது. "அஞ்சு வருஷமா? அடுத்த மாசம் கேட்டாண்ட உள்ள உடுவானான்னே தெரியல, இன்னாத்த எய்தறது மேடம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மேடமும்தான்.

மற்றவர்கள் அங்கேயே கிறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். 'அடுத்து என்ன செய்யப் போறே' என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. படிப்பை நிறுத்தியபோதுகூடக் கேட்கவில்லை. முதல்முறையாக ஒரு தாள் கேட்கிறது, மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டாமா?

கவலைப்படுகிறவளுக்குத் திட்டம் போடுவது கஷ்டமே இல்லை. எதெது தப்பாகப் போகும் என்று ஏற்கெனவே தெரியும், அதற்கெல்லாம் வழி எழுதினால் போதும். பத்தாவதைத் தனித்தேர்வாக எழுத வேண்டும். இரவு ஷிப்ட் வருகிற வாரம் காலையில் படிக்க வேண்டும். பாகங்களின் வரைபடம் பார்க்கப் பழக வேண்டும். பிறகு செட்டிங். அதாவது, மெஷினுக்கு அளவு கொடுத்துத் தயார் செய்கிற வேலை. துண்டை மாட்டிக் கழற்றுகிறவளை எந்த நிமிஷமும் மாற்றலாம். செட்டிங் தெரிந்தவளை அனுப்புவதற்கு முன் கொஞ்சமாவது யோசிப்பார்கள். கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: 'ஐந்து வருடத்தில் இதே கம்பெனியில் செட்டராக, பெர்மனென்டாக இருப்பேன்.'

அடுத்த சனிக்கிழமை மேடம் அதை முழுக்கப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்குமா. இவ்வளவு யோசிச்சு யாரும் எழுதல. அந்தக் கடைசி வரியை மட்டும் அழிச்சிடுங்க."

"ஏன் மேடம்?"

"இந்த கம்பெனியில பெர்மனென்ட்னு எழுதக் கூடாது. வேற ஏதாவது எழுதுங்க. பியூட்டி பார்லர் வைப்பேன், அப்படி."

"எனக்குப் பார்லர் வேலை தெரியாதே மேடம்."

"தெரியணும்னு இல்லம்மா. ஆசைதானே?"

ஆவடிக்காரி எழுந்தாள். "மேடம், நான் பைலட்டுன்னு எய்திகீறேன். அது இருக்கலாமா?"

"தாராளமா இருக்கலாம்."

"அப்ப பிளேன் ஓட்டலாம், இங்க பெர்மனென்ட் ஆவக் கூடாது. கரீட்டா மேடம்?"

கேன்டீனே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "எனக்கும் வருஷா வருஷம்தான்மா புதுப்பிக்கிறாங்க. இதை இப்படியே கொடுத்தா என்னைத்தான் கேட்பாங்க" என்றார்.

கோபம் வந்தது. அதோடு, பாழாய்ப்போன என் புத்தி, இந்த அம்மாவுக்கு வேலை போய்விட்டால் என்று அவருக்காகவும் கவலைப்பட ஆரம்பித்துவிட்டது. ஏன் பென்சில் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அழித்தேன். பியூட்டி பார்லர் என்று எழுதினேன். தாள்களை கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள். பயிற்சியைப் பார்வையிட வெளியிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், மாணவர்களில் சில பேருக்குச் செட்டிங் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன்! சூப்பர்வைசர் பெயர்களைப் படித்தார். என் பெயர் இல்லை.

"அண்ணே, என் பேரு?"

"உனுக்கு இன்னாத்துக்குமா செட்டிங்கு? பார்லர் வெக்கப்போறேன்னு எய்திகீறியே."

"எழுதச் சொன்னாங்கண்ணே."

"உன் கையெழுத்துதானே? ஆர்வம் இருக்கிறவங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுன்னு மேலேந்து சொல்லிட்டாங்கோ. நான் இன்னா பண்ணுவேன்?"

சொந்தமாக லேத் பட்டறை வைப்பேன் என்று எழுதியிருந்த பையன்களுக்குக் கிடைத்தது. நான் போய்த் துண்டை மாட்டினேன், கழற்றினேன். பொய்யை எழுது என்று சொன்னவர்கள் அவர்கள். அந்தப் பொய்யை எடுத்து என்னை அடித்தவர்களும் அவர்கள்தான். கேட்டால், உன் கையெழுத்துதானே!

வேன் பூந்தமல்லி தாண்டும்வரை ஆவடிக்காரி ஏதேதோ கிண்டல் பண்ணிப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போவட்டும் உடுடி. என் பிளேனையும் அவனே வெச்சுகினு போவட்டும்."

பயிற்சிக் காலம் முடிந்த அன்று விழா எடுத்தார்கள். சான்றிதழோடு என் கையில் ஒரு மேக்கப் பெட்டியும் கொடுத்தார்கள். "உங்க கனவுக்கு எங்க சின்னப் பங்கு" என்றார் மேலாளர். சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். வெளியே வரும்போது கேட்டில் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அதே கேட்டில் புது மாணவர்கள் வரிசையில் நின்றார்களாம்.

அந்தப் பெட்டி இன்றும் பீரோ மேல் இருக்கிறது. பிரிக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிற எரிச்சல் எனக்கு வேண்டியிருக்கிறது.

இப்போது பாடியில் வேறு கம்பெனி. மறுபடியும் கழுத்தில் அதே 'மாணவி'. இங்கேயும் சனிக்கிழமை வகுப்பு உண்டு. போன வாரம் அந்தத் தாள் வந்தது. தலைப்புக்கூட மாறவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பினேன்: 'இதே கம்பெனியில், செட்டர், பெர்மனென்ட்.'

இந்த ஊர் மேடம் வேறு ஆள், சின்னப் பெண். படித்துவிட்டு, "அக்கா, இந்த ஒரு வரியை மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"பேனாவுல எழுதிட்டேன்மா, அழியாது."

"வேற தாள் தரேன்க்கா."

"எத்தனை தாள் தந்தாலும் இதையேதான் எழுதுவேன்."

அவள் தாளை வாங்கிக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனாள். இன்னும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அட்டையைக் கேட்பார்களோ, நாளைக்கு கேட்டில் நிறுத்துவார்களோ என்று கவலை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடட்டும். அந்த வரி அங்கே இருக்கிறது.